ஒன்றரை அடித் தொட்டியில் கடல்: யாரைக் குடிவைப்பது?

தொட்டி தயார். உப்பு கரைத்தாயிற்று, மணல் படிந்துவிட்டது, ஐந்தாறு வாரம் பொறுத்திருந்ததில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டன. இனி உயிர்களை விட வேண்டியதுதான். சென்னைவாசி கொளத்தூர்ப் பக்கம் போய்க் கடை கடையாக ஏறி இறங்குவார். மற்ற ஊர்க்காரர்கள் கூரியரில் வரும் பாலித்தீன் பைக்காகக் காத்திருப்பார்கள். இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான். விற்பனைக்கு இருப்பது பல வகை. வீட்டில் இருப்பதோ மேசை ஓரத்தில் அடங்கிவிடும் ஒரு கண்ணாடிப் பெட்டி.

நீளம் ஒன்றரை அடி, அகலமும் உயரமும் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 42 லிட்டர். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தையும், மேலே விட்டுவைக்கும் விளிம்பையும் கழித்தால் உண்மையில் உள்ளே நிற்கும் நீர் 32 லிட்டர் தேறும். நான்கடித் தொட்டிக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை இதற்குப் பொருந்தாது. இங்கே எடைபோட வேண்டிய வழிகள் நான்கு: கோமாளி மீன் ஜோடி, கோபி மீனும் பிஸ்டல் இறாலும், மீனே இல்லாத இறால் தொட்டி, நக அளவுள்ள குட்டி கோபிகள். ஒவ்வொன்றிடமும் நான் முதலில் கேட்பது, இதற்காக ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி தண்ணீருக்குள் போகும் என்பதைத்தான். அழகும் விலையும் அதற்குப் பிறகு.

நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் 'ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன்' என்ற கணக்கைக் கடல்நீரில் மறந்துவிடலாம். கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை நிற்கிறது. அந்த நிலையில் அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு கூடுதல். ஆக்சிஜனோ குறைவு. 26 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடல்நீர் ஆறரைக்குச் சற்று மேலே நின்றுவிடும். கை தவறி விழுந்த ஒரு சிட்டிகை தீனி பெரிய தொட்டியில் தெரியவே தெரியாது. இங்கே இரண்டு மூன்று நாளில் கண்ணாடியில் பழுப்புப் பாசியாக வந்து நிற்கும்.

ஆவியாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடையில், மின்விசிறி ஓடும் அறையில், இந்தத் தொட்டி நாளுக்கு ஒரு லிட்டர் வரை இழக்கும். போவது நீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். ஆயிரத்துக்கு 35 என்றிருக்கும் உப்பளவு முதல் நாள் முடிவில் 36. யாரும் நீர் நிரப்பாமல் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போய் வந்தால் 38.6. மீன் சமாளித்துக்கொள்ளலாம், இறால் சமாளிக்காது. பத்து லிட்டர் ஜாடியில், நாளுக்கு அரை லிட்டர்தான் போகிறது என்றாலும், அதே மூன்று நாளில் 41ஐத் தாண்டிவிடும். ஆகவே மட்டம் குறைந்தால் தானாக நீர் நிரப்பும் கருவியை முதல் உயிர் வருமுன்பே வாங்கிவிடுங்கள். அதில் ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்த நீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரே போதும் என்று நினைப்பவர்கள் அதில் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சுவைக்காக வடிகட்டிய நீரில் குழாய்த் தண்ணீர் கொஞ்சத்தைத் திரும்பக் கலந்துவிடும் அமைப்பு அது. குடிக்கப் பழுதில்லை. தொட்டிக்குள் நாள்தோறும் போனால், குழாய்த் தண்ணீரில் இருப்பதெல்லாம் சேர்ந்துகொண்டே வரும்.

வெப்பம் நம் ஊரின் தனிக்கதை. ஏ.சி. இல்லாத அறையில் மே மாதத்தில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போய்விடும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி ஒன்றைச் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றே ஈரமாக இருக்கும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களைவிடக் கோயம்புத்தூரில் இன்னும் நன்றாக இறங்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கும் பணத்தில் இந்த அளவுத் தொட்டிகள் பலவற்றை வாங்கிவிடலாம். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஓட்டமும் ஆழமும் உள்ள கடலுக்கே அந்தக் கதி என்றால் 32 லிட்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே வரும் ஒவ்வொரு தேர்வுக்கும் இந்த வெப்பம் பின்னணியில் இருக்கிறது.

கோமாளி மீன் ஜோடி

பெரும்பாலோர் மனதில் முதலில் வருவது இதுதான். அதில் தவறும் இல்லை. பண்ணையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகும் கடல் மீன்கள் சிலவே; கோமாளி அவற்றில் முதல் வரிசை. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையமும் இதைச் செய்து காட்டி நெடுங்காலம் ஆகிறது. பண்ணையில் பிறந்த மீன் கடைக்கு வருமுன்பே குருணைத் தீனி தின்னப் பழகியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே மனித முகத்தைக் கண்டால் ஒளியாது, முன்னால் வந்து நிற்கும்.

வாங்கும்போது இனத்தைப் பார்க்க வேண்டும். கடையில் 'கிளவுன்' என்ற ஒரே பெயரில் நாலைந்து இனங்கள் கிடக்கும். இந்த அளவுக்கு ஒசெல்லாரிஸ் அல்லது பெர்குலா மட்டுமே பொருந்தும். நம் கடலில் பிடிபடும் செபே, கிளார்க்கி ஆகியவை 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியவை. மெரூன் இன்னும் பெரிது, குணத்திலும் போக்கிரி. பிறப்பிடத்தையும் பார்க்க வேண்டும். கடலில் பிடித்த கோமாளிகள் புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி நோயோடு வருவது அடிக்கடி நடப்பது. உடல் முழுதும் சளி படர்ந்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். கடைக்காரர் 'பண்ணை மீன்தான் சார்' என்று சொல்வதை எப்படி நம்புவது? ஸ்னோஃப்ளேக், பிளாக் ஐஸ் என்று ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளோடு விற்கப்படும் ரகங்கள் பண்ணையில் மட்டுமே உருவாக்கப்படுகிறவை. அந்தக் கோணல் பட்டைகளே சான்றிதழ்.

ஒன்று சற்றுப் பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சுகள் வாங்கினால் போதும். அந்த வயதில் அவை ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அதட்டி வளர்வது பெண்ணாகும், அடங்கிப்போவது ஆணாகும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். முதல் சில வாரங்களில் பெரியது நெருங்கி வரும்போதெல்லாம் சிறியது பக்கவாட்டில் சாய்ந்து, தலை முதல் வால் வரை உடலை நடுக்கிக் காட்டும். வலிப்பு வந்துவிட்டது என்று பதறி மருந்து வாங்க ஓடுபவர்கள் உண்டு. அது பணிவு, 'நீயே பெரியவள்' என்ற ஒப்புதல். நடுக்கம் நிற்காமல் இருந்தால் ஜோடி சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இத்தனை நல்லது சொன்ன பிறகும் ஒன்றரை அடித் தொட்டிக்கு இது என் முதல் தேர்வு அல்ல. நாள் முழுதும் அசைந்துகொண்டிருக்கும் இரண்டு வயிறுகள், இரண்டு வேளைத் தீனி. பெண் எட்டு சென்டிமீட்டரைத் தொடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் மீன் இது. அந்தக் கணக்கில் ஒன்றரை அடித் தொட்டி வெறும் குழந்தைப் பருவத்துக்கானது. ஜோடி சேர்ந்து முட்டையிடத் தொடங்கியபின் தொட்டி முழுவதும் அவர்கள் வீடு. உள்ளே விடும் கையைக் கடிக்கும். வலி ஒன்றும் பெரிதாக இராது, ஆனால் பசை தடவிய பவளத் துண்டைப் பாறையில் வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விரல் பதறும். அதற்குப் பிறகு புதிதாக எந்த மீனையும் சேர்க்க முடியாது. ஓரிரு ஆண்டில் மூன்றடித் தொட்டிக்கு மாறப்போவது உறுதி என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மாறப்போவதில்லை என்றால் மேலே படியுங்கள்.

கூடவே கடல் சாமந்தியும் (கடலில் கோமாளிகள் குடியிருக்கும், பூப்போன்ற, கொட்டும் விலங்கு) வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டாம். பண்ணைக் கோமாளிக்கு அது தேவையே இல்லை. காளான் பவளத்திலோ ஹீட்டர் மூலையிலோ படுத்துக்கொள்ளும். சாமந்தி ஓரிடத்தில் நிற்காது. இரவில் நகர்ந்து போகும் வழியில் உள்ள பவளங்களையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரின் வாய்க்குள் போய்ச் சிக்கும். சிக்கிச் சிதைந்த ஒரு சாமந்தி, 32 லிட்டர் நீரில் உள்ள அத்தனை உயிருக்கும் நஞ்சு.

கோபியும் பிஸ்டல் இறாலும்

இந்த அளவுத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான குடித்தனம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இறாலுக்குக் கண்பார்வை மந்தம், ஆனால் தோண்டுவதில் கெட்டி. கோபிக்குத் தோண்டத் தெரியாது, பார்வை கூர்மை. ஒரே வளையில் இரண்டும் வாழ்கின்றன. இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது அதன் உணர்கொம்பு ஒன்று எப்போதும் கோபியின் உடலைத் தொட்டபடி இருக்கும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலை ஒரு சிமிட்டுச் சிமிட்டும், இறால் பின்வாங்கும். அதற்கும் மேலான ஆபத்து என்றால் கோபியே தலைகீழாக வளைக்குள் பாயும்.

இதை ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும். வளையின் வாயில் கோபி, முன்துடுப்புகளை மணலில் ஊன்றி, தலையை மட்டும் தூக்கி நிற்கிறது. பின்னாலிருந்து இறால் வருகிறது. இரண்டு கொடுக்குகளையும் சேர்த்து முன்னே நீட்டி, புல்டோசர்போல ஒரு குவியல் மணலைத் தள்ளிக்கொண்டு. வாயிலுக்கு வெளியே கொட்டிவிட்டுத் திரும்பும்போது வழியில் கிடக்கும் கிளிஞ்சல் துண்டு ஒன்றைத் தூக்கிச் சுவரில் செருகுகிறது. பொருந்தவில்லை, எடுத்துத் திருப்பிச் செருகுகிறது. இடையில் 'டக்' என்று ஓசை கேட்கும். கண்ணாடி விரிசல் விட்டதோ என்று புதியவர்கள் எழுந்து ஓடுவார்கள். கொடுக்கை மூடும் வேகத்தில் பீறிடும் நீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது. ஓசை அந்தக் குமிழி உடைவதால்தான் வருகிறது, கொடுக்கு மோதுவதால் அல்ல என்பதை 2000ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமரா கொண்டு நிறுவினார்கள்.

தேர்வில் கவனம் தேவை. மஞ்சள் வாட்ச்மேன் கோபி எளிதில் கிடைக்கும், உறுதியான மீன், ஆனால் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். இந்தத் தொட்டியின் எல்லை அதுதான். ஸ்டோனோகோபியாப்ஸ் இனத்தைச் சேர்ந்த யாஷா, நெமடோடிஸ் இரண்டும் ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும்; முதுகுத் துடுப்பைக் கொடிபோல் உயர்த்திக்கொண்டு வாசலில் மிதக்கும். விலை கூடுதல், இறக்குமதி என்பதால் காத்திருக்கவும் வேண்டும். காத்திருங்கள் என்பதே என் யோசனை. இறாலில் சிவப்பும் வெள்ளையுமாக வரியிட்ட ராண்டல் பிஸ்டல் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். புலிவரி பிஸ்டல் அதைவிடப் பெரிது, தொட்டி முழுவதையும் வாரந்தோறும் இடம் மாற்றி வைக்கும்.

தீனிக் கணக்கில் இந்த ஜோடி மிகச் சிக்கனம். கோபி அலையாது, நின்ற இடத்தில் நின்று, மிதந்து வருவதைக் கொத்தும். நாளுக்கு ஒருவேளை, மைசிஸ் என்ற இறால்போன்ற சிற்றுயிரின் உறைந்த கட்டியிலிருந்து ஒரு சிறு துணுக்கு போதும். கோபி விட்டதை இறால் வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

நிபந்தனைகள் சில உண்டு. மணல் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். ரவைபோன்ற நுண்மணல் மட்டும் இருந்தால் வளை சரிந்துகொண்டே இருக்கும், ஆகவே சிறு கல்லும் கிளிஞ்சல் உடைசலும் கலக்க வேண்டும். பாறையை மணல்மேல் வைக்கக் கூடாது. முதலில் பாறை, கண்ணாடித் தரையில் நேராக; பிறகு மணல். இல்லாவிட்டால் இறால் அடியில் தோண்டத் தோண்டப் பாறை சாய்ந்து கண்ணாடியில் விழும். தொட்டிக்கு இடைவெளி இல்லாத வலைமூடி கட்டாயம்; கோபிகள் துள்ளும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். முதல் மாதத்தில் இரண்டும் கண்ணில் படாமல் போகலாம். செத்துவிட்டன என்று முடிவுகட்டி, கல்லைத் தூக்கிப் பார்த்து, கட்டிய வளையை இடிக்காதீர்கள்.

மீனே இல்லாத தொட்டி

மீன் தொட்டியில் மீன் இல்லையா என்று விருந்தினர் கேட்பார்கள். கேட்கட்டும். இருபது லிட்டருக்குக் கீழே இறங்கினால் நேர்மையான பதில் இது ஒன்றுதான். 42 லிட்டரிலும் இதைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் மதிக்கிறேன்.

நடுநாயகம் செக்ஸி இறால் என்று கடைகளில் அழைக்கப்படும் தோர். முழு வளர்ச்சியில் இரண்டு சென்டிமீட்டர் வந்தாலே அதிகம். பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள். வாலை முதுகுக்குமேல் தூக்கி, ஓயாமல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருக்கும். தனியாக ஒன்றை விட்டால் எங்காவது ஒளிந்துகொள்ளும். மூன்று முதல் ஐந்து வரை ஒன்றாக விட்டால் ஒரே காளான் பவளத்தின்மேல் வட்டமாக ஏறி நின்று ஆடும். பட்டினி போட்டால் சோவாந்திட் என்ற பூப்போன்ற பவள வகையின் இதழ்களைக் கொறிக்கும் என்பது ஒரு குறை. நாள்தோறும் நுணுக்கிய தீனி சிறிது கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பாம்பாம் நண்டு இன்னொரு விந்தை. இரண்டு கொடுக்கிலும் உயிருள்ள குட்டிச் சாமந்தியை ஏந்திக்கொண்டு குத்துச்சண்டைக்காரர்போல் நிற்கும். ஒரு சாமந்தி தொலைந்தால் மிச்சமிருப்பதை இரண்டாகக் கிழித்து இரு கைக்கும் ஆக்கிக்கொள்ளும். கிழிந்த பாதிகள் முழுச் சாமந்திகளாக வளர்ந்துவிடும். செங்கடல் இனம் ஒன்றில் இதைச் சோதித்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பகலில் இது வெளியே வருவது அபூர்வம். இதை மட்டும் நம்பித் தொட்டி வைத்தால் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மீனில்லாத தொட்டியில் ஒளிந்து பெருகும் உயிர்கள் தலைகாட்டத் தொடங்கும். கோபிபோடுகள் என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஓட்டுயிர்கள், கண்ணாடியில் ஊரும் நுண்புழுக்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு சிறு நத்தை. கைவிளக்கோடு இரவில் பார்ப்பவர்களுக்கான தொட்டி இது. ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்ட வாங்குகிறீர்கள் என்றால் பத்து நிமிடத்தில் அலுத்துப்போகும். அதற்குக் கோமாளிதான் சரி.

எச்சரிக்கைகள் இரண்டு. இறாலுக்கு வெப்பமும் உப்பளவு ஊசலும் மீனைவிடக் கடுமையாக உறைக்கும், ஆக நீர் நிரப்பும் கருவி இல்லாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. மீன் நோய்க்கு விற்கப்படும் செம்பு கலந்த மருந்து ஒரு முறை தொட்டியில் விழுந்தால் இறாலும் நத்தையும் அதோடு போயிற்று. கடையில் 'பெப்பர்மின்ட்' இறால் என்று சொல்லி ஒட்டக இறாலைத் தலையில் கட்டுவதும் உண்டு. உடலில் வெள்ளைக் கோடுகளும் முதுகில் திமிலும் பெரிய கண்ணும் இருந்தால் அது ஒட்டகம், பவளத்தைத் தின்னும்.

குட்டி கோபிகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ட்ரிம்மா, எவியோட்டா போன்றவை மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும், சாது, தீனி அணுவளவு. காகிதத்தில் பார்த்தால் 32 லிட்டருக்கென்றே படைக்கப்பட்டவை. சிக்கல் ஆயுளில். எவியோட்டா சிகிலாட்டா என்ற இனம் அதிகபட்சம் 59 நாள் வாழ்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் பதிவான மிகக் குறைந்த ஆயுள் அதுதான். பிடிபட்டு, விமானமேறி, கடைத் தொட்டியில் இருந்து, உங்கள் வீட்டுக்கு வரும்போது அது கிழவனாகியிருக்கும். எல்லா எவியோட்டாவும் இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்டவை அல்ல. ஆனாலும் இறந்த மீனுக்காகத் தம்மைக் குறைசொல்லிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. ட்ரிம்மா சற்றுத் தேவலை. பண்ணையில் பெருக்கப்படும் நியான் கோபி கிடைத்தால் இந்தக் கூட்டத்தில் அதையே எடுப்பேன். ஐந்து சென்டிமீட்டர், நீலக் கோடு, பயமில்லாத சுபாவம்.

மஞ்சள் கோமாளி கோபி என்று ஒன்று கிடைக்கும். பெயரில்தான் கோமாளி, இனம் வேறு. பவளக் கிளையில் எலுமிச்சை நிறத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அழகுதான். கொடுக்கும் தீனியைத் தேடிப் போய்த் தின்னாது, தானாகவே மெலியும்.

கடையில் கெஞ்சினாலும் வாங்கக் கூடாதவை

மலிவு என்பதால் வாங்கப்படும் டேம்சல் மீன். வெண்புள்ளி மூன்று தாங்கிய கறுப்பு டோமினோவைக் குட்டியாகப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, உள்ளே யார் வந்தாலும் துரத்தும். 'முதலில் இதைவிட்டுத் தொட்டியைப் பழக்குங்கள்' என்று சில கடைகள் கொடுப்பதும் இதைத்தான். பழக்கிய பிறகு அதைப் பிடித்து வெளியே எடுக்க மொத்தப் பாறையையும் கலைக்க வேண்டும். நீல டேங் 30 சென்டிமீட்டர் வளரும். மாண்டரின் நாள் முழுதும் கோபிபோடு மேய வேண்டிய மீன். இங்கே உள்ள இருப்பைச் சில வாரத்தில் தின்று தீர்த்துப் பட்டினியில் சாகும். மணல் சலிக்கும் நட்சத்திர மீனுக்கும் அதே முடிவு.

கடல் குதிரை சட்டப்படியே கூடாது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்தக் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், விசிறிப் பவளங்களும் அதில் சேர்ந்தன. இது பவளத் தேர்வையே மாற்றிவிடுகிறது.

பவளத்தில் எது

வெளிநாட்டு வீடியோக்களில் சிறு தொட்டிக்கு டங்கன், டார்ச், ஹாமர் என்று அடுக்குவார்கள். எல்லாம் கல்பவளம். நம் கடலிலிருந்து எடுத்தது உயிருள்ளதோ செத்த துண்டோ, வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைவரை போகும் குற்றம். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து 'லைவ் ராக்' (உயிர்கள் ஒட்டிய கடல் பாறை) கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 1986 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் அது. செயற்கைப் பாறை கிடைக்கிறது, அதையே வையுங்கள். ஓராண்டில் ஊதாப் பூச்சு படர்ந்தபின் வித்தியாசம் தெரியாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கால்சியமும் காரத்தன்மையும் அலைபாயும் 32 லிட்டரில் அக்ரோபோரா போன்ற கல்பவளம் வளர்ப்பது கழைக்கூத்து.

மிச்சமிருப்பவை மென்மையானவை. காளான் பவளம் என் முதல் தேர்வு. டிஸ்கோசோமா, ரொடாக்டிஸ் இரண்டும் மங்கல் வெளிச்சத்திலும், சற்று அழுக்கேறிய நீரிலும், 28 டிகிரியிலும் சுருங்காமல் நிற்கும். சோவாந்திட் அதைவிட வண்ணம், வேகமாகப் பரவும், வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஒரு விஷயத்தில் விளையாடக் கூடாது. இந்தக் கூட்டத்தின் பாலிதோவா இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போட்டு அலசவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

பச்சை நட்சத்திரப் பவளமும் செனியாவும் இலவசமாகக் கொடுத்தாலும் முக்கியப் பாறையில் ஒட்டாதீர்கள். தனிக் கல்லில், மணலுக்கு நடுவே, தீவாக வைத்தால் அழகு. பாறையில் ஏறிவிட்டால் தொட்டி அதனுடையது. செனியா கை விரிப்பதுபோல் விரிந்து மூடுவது பார்க்க இனிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மென்பவளங்கள் மட்டும் என்றால் தனியாகக் கால்சியம் ஊற்றும் வேலை இல்லை. வாரம் மூன்று நான்கு லிட்டர் நீரை மாற்றினால் தேவையானது வந்து சேரும்.

வாங்கும் வரிசை

முதலில் நத்தைகள்: இரண்டு ட்ரோகஸ், மூன்று செரித். ட்ரோகஸ் கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரேயா கவிழ்ந்த இடத்திலேயே கிடந்து சாகும். பெரிய டர்போ ஒட்டாத பவளத்தையெல்லாம் தள்ளிவிடும். ஹெர்மிட் நண்டு வேண்டாம். ஓடு பிடித்துப்போனால் உள்ளே இருக்கும் நத்தையைக் கொன்று குடியேறும், அதையும் நீங்கள்தான் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள்.

இரண்டு வாரம் கழித்துக் காளான் பவளம். அதற்குப் பிறகு பிஸ்டல் இறால். அது வளை தோண்டி முடித்தபின் கோபி. இருவரையும் ஒரே நாளில் விடுவதானால் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூலையில் விடுங்கள், இரவுக்குள் கண்டுபிடித்துக்கொள்ளும். செக்ஸி இறாலை இவர்களோடு சேர்க்காதீர்கள். பிஸ்டலின் கொடுக்குக்கு அது இரை. கோமாளி வழியில் போகிறவர்கள் மற்ற அனைத்தும் நிலைத்தபின் கடைசியாக ஜோடியை விட வேண்டும். முதலில் வந்தவை பிறகு வருவதை விடாது.

ஏ.சி. அறை, பொறுமை, நல்ல மூடி உள்ளவர்களுக்குக் கோபியும் பிஸ்டலும். இருபது லிட்டருக்குக் குறைவென்றால், அல்லது இரவில் விளக்கோடு உட்காரும் ஆள் என்றால், மீனில்லாத தொட்டி. வீட்டில் சிறு பிள்ளைகளும் பெரிய தொட்டிக்கான திட்டமும் இருந்தால் பண்ணைக் கோமாளி. விசிறி போட்டும் மே மாதத்தில் 30க்குக் கீழே இறங்காத மாடி வீடு என்றால், நத்தையும் காளான் பவளமும் மட்டும் வைத்து ஒரு கோடையைக் கடந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் மூன்றாவது மாதத்தில், தொட்டி தெளிந்து எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, இன்னும் ஒரே ஒரு மீன் விடலாமே என்று கை அரிக்கும். தீனி சாப்பிடாமல் வெளிச்சத்திலேயே பெரும்பாலும் வாழும் ஒன்றை அப்போது வாங்குங்கள்: ஆரஞ்சு நிற ரிகார்டியா என்ற காளான் பவளம் ஒரு துண்டு, மணல் ஓரத்தில், வளைக்கு எதிர்ப்புறம்.